கமர்ஜஹான் மிஸ் நின்றால்

மூன்றாவது சுற்றில்தான் கமர்ஜஹான் மிஸ் வாயைத் திறப்பார். அதுவரைக்கும் நடைதான். மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் கரும்பலகையிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை பதினோரு எட்டு, அங்கிருந்து திரும்பி வர இன்னொரு பதினொன்று. பாயில் உட்கார்ந்து பன்னிரண்டு பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நடுவே வெறுங்காலோடு போவதும் வருவதுமாக இருப்பார். தலையில் போட்ட முந்தானை முதல் சுற்றிலேயே தோளுக்கு இறங்கிவிடும். இரண்டாவது சுற்றில் அதை இழுத்து இடுப்பில் செருகுவார். மூன்றாவதில் கேள்வி வரும்.

"ஏப்பா, இதுல உனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது? அத மொதச் சொல்லு."

இந்த அம்மாள் உட்கார்ந்து பார்த்தவர்கள் திண்டுக்கல்லில் குறைவு. டவுன் பஸ்ஸில் பாதி சீட் காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். டீயை நின்றுகொண்டே பாதி குடித்துவிட்டு மாடிச் சுவரில் வைத்து மறந்துபோவார். சாயங்காலம் எண்ணினால் அங்கே மூன்று டம்ளராவது இருக்கும். சாப்பாடும் அப்படித்தான். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பார். கணவர் ஹாமித் தோல் பதனிடும் ஷாப்பில் தோல் தரம் பிரிக்கிறவர், நிதானமான மனுஷர். "உக்காந்து தின்னு கமரு, சோறு எங்கயும் ஓடிப் போயிராது" என்று பத்து வருஷமாகச் சொல்கிறார். சொல்லி என்ன ஆகிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை.

பேகம்பூர்ப் பக்கம் அவரிடம் டியூஷன் சேர வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டுதான் வருவார்கள். கமர்ஜஹான் மிஸ் விடை சொல்ல மாட்டார். சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். கேள்விதான் கேட்பார். போன வருஷம் ஒரு பையன் ஒரு குடத்தின் கன அளவைக் கண்டுபிடித்து பதினோராயிரத்துச் சொச்சம் லிட்டர் என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டு நீட்டினான். வேறு வாத்தியாராக இருந்தால் தலையில் குட்டியிருப்பார். மிஸ் கேட்டது இவ்வளவுதான்: "அந்தக் குடத்த இடுப்புல வச்சுக்கிட்டு உங்கம்மா குழாயடியிலேருந்து நடந்து வந்துருவாங்களா?" பையன் நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தான்.

இந்த விரதத்துக்கு ஒரு காரணம் உண்டு. கல்லூரி முடித்த கையோடு ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போனார். கைடைக் கரைத்துக் குடித்தே பட்டம் வாங்கியவர் அவர். ஆறாவது படிக்கும் ஒரு பொடியன் எழுந்து, மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று கேட்டான். "அது அப்படித்தான், உக்காரு" என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டாரே தவிர, அந்த வாரம் முழுக்க அது உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு வகுப்பில் பாடத்தைக் குறைத்துக் கேள்வியைக் கூட்டினார். பாடம் முடியவில்லை என்று வருஷக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்த பிடிதான். பதினோரு வருஷ டியூஷனில் ஒரு பிள்ளைக்கும் ஒரு விடைகூடத் தன் வாயால் சொன்னதில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. கொஞ்சம் கர்வம் என்றே சொல்லலாம்.

அந்தக் கர்வத்துக்கு ஆப்பு வைத்தது இளவேனில்.

இளவேனில் அகரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். பத்தாம் வகுப்பு, அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். வாய் அதிகம் பேசாது, ஆனால் கேள்வி கேட்டால் டக்கென்று பதில் வரும். முதல் பதில் தப்பாக இருந்தாலும் உடனே மாற்றிக்கொள்ளும். அதுவும் தப்பென்றால் மூன்றாவதில் பிடித்துவிடும். எப்படியும் சரியான விடையில் போய் நின்றுவிடுவாள். "இவளுக்கு யோசிக்கத் தெரியுது" என்று மிஸ் ஹாமித்திடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார். படித்து சர்வேயர் ஆகவேண்டும் என்பது அவள் ஆசை. அப்பாவுக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் வரப்புத் தகராறு வந்தபோது தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு அம்மா வந்து, தொப்பி போட்டுக்கொண்டு, வெயிலில் நின்று நிலத்தை அளந்தாராம். ஆம்பளைகள் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்களாம். அதை ஒரு தடவை மிஸ்ஸிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. கணக்கில் முப்பத்தொன்று. நாலே மார்க்கில் ஃபெயில்.

மறுநாளே அவளுடைய அப்பா அழகர் வண்டியில் வந்து இறங்கினார். மகளைப் பின்னால் நிற்க வைத்துக்கொண்டு மாடிப்படியிலேயே ஆரம்பித்துவிட்டார். "மிஸ்ஸு, தப்பா நெனைக்காதீங்க. கேள்வி கேக்குறதுக்கு எங்க வீட்லயே ஆளு இருக்கு, எங்காத்தா காலைலேருந்து கேட்டுக்கிட்டேதான் இருக்கும். பதிலச் சொல்லிக் குடுக்கத்தான உங்ககிட்ட விட்டோம்."

மிஸ் நடந்துகொண்டே கேட்டுக்கொண்டார். வேறென்ன செய்வார்.

"ஜூலைல இன்னொரு பரீச்சை வைக்கிறாங்களாம். அத எழுதட்டும். அதுலயும் போச்சுன்னா எங்க தெரு முக்குல மில்லு வேன் வந்து நிக்குது. இவ பெரியப்பா மக போயிக்கிட்டுத்தான இருக்கா. பதினாறு முடிஞ்சதும் இவளையும் ஏத்தி விட்டுர்றேன். நான் கொடுமக்காரன் இல்ல மிஸ்ஸு. எம்புட்டுத்தான் படிக்க வைக்கிறது, நீங்களே சொல்லுங்க."

இளவேனில் தலையே நிமிரவில்லை. புத்தகப் பையின் வாரில் பிரிந்திருந்த நூலை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

அழகர் போன பிறகு மிஸ் அவளிடம் கேட்டார். "பரீச்சை ஹால்ல என்னம்மா ஆச்சு?"

"தெரியல மிஸ். எழுதுனேன். அப்புறம் எழுத வரல. சரியா தப்பான்னு தெரியாம அடுத்த வரி எப்படி மிஸ் எழுதுறது?"

அந்த பதில் மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. விளங்காத ஒன்றை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. ஹாமித்திடம் கேட்டார். தெருவில் கீரை விற்கும் மூக்காயியிடம்கூடக் கேட்டார். "வகுப்புல அம்புட்டும் சொல்ற புள்ள பரீச்சைல மட்டும் எப்படி மூக்காயி விடும்?" மூக்காயி கீரைக்கட்டை உதறிக்கொண்டே, "பயந்துருக்கும்" என்றாள். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். மிஸ் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜூன் இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம் மாடிப்படியில் வழக்கம்போல இரண்டு இரண்டு படியாக இறங்கினார். கடைசிப் படி ஏமாற்றிவிட்டது. வலது கணுக்கால் பணியாரமாக வீங்கி, பத்து நாளைக்குக் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்று டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பினார். "பத்து நாளா, இவளா" என்று ஹாமித் டாக்டரிடமே கேட்டார். டியூஷனை விட முடியுமா, பரீச்சைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. கீழே முன்னறையில் பாய் விரித்தார்கள். மிஸ் கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக உட்கார்ந்து பாடம் நடத்தினார்.

"இளவேனிலு, நீ சொல்லு. ஒரு டிரம் இருக்கு. உயரம் அதேதான். ஆரத்த மட்டும் ரெண்டு மடங்காக்குறேன். தண்ணி எம்புட்டு மடங்கு கொள்ளும்?"

"ரெண்டு மடங்கு மிஸ்."

மிஸ் ஒன்றும் சொல்லவில்லை. எப்போது சொல்லியிருக்கிறார்.

"நாலு மடங்கு."

மிஸ் பேசாமல் இருந்தார். மனசுக்குள், சபாஷ், பிடித்துவிட்டாள் என்று நினைத்தார்.

"எட்டு மடங்கு மிஸ்" என்றாள் இளவேனில்.

சரியான ஊர் பஸ் வந்து நின்று கிளம்பியும் போய்விட்டது, இவள் ஏறவில்லை. இப்போதுதான் மிஸ் அவள் கண்ணைக் கவனித்தார். அந்தக் கண் நோட்டைப் பார்க்கவில்லை, மிஸ்ஸின் முகத்தையும் பார்க்கவில்லை. தலையணை மேல் கிடந்த கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மட்டுமா, பன்னிரண்டு பேரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாலுன்னு சொன்னியே, அத ஏன் விட்டுட்டுப் போன?"

"நீங்க ஒண்ணுமே சொல்லலையே மிஸ்."

"நான் என்னைக்குச் சொல்லிருக்கேன்?"

இளவேனிலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த முகேஷ்குமார் என்ற பையனுக்கு வாய் நிற்காது. இந்த வருஷம்தான் பத்தாவதுக்கு வந்திருக்கிறான். "மிஸ், நீங்க வாயால சொல்ல மாட்டீங்க. காலால சொல்லுவீங்க" என்றான்.

"என்னது?"

"தப்பாச் சொன்னா நின்னுருவீங்க மிஸ். கிட்டத்தட்ட வந்துட்டா மெதுவா நடப்பீங்க. சரியாச் சொல்லிட்டா விறுவிறுன்னு திரும்பி நடப்பீங்க. கீழ உக்காந்திருந்தா எங்களுக்கு நேரா உங்க காலுதான மிஸ் தெரியும். புதுசா சேர்றவங்களுக்கு மொத நாளே சொல்லிக் குடுத்துருவோம்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் எதிரே சிரிக்காமல் உட்கார்ந்திருந்த இளவேனிலைப் பார்த்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. இந்தப் பெண்ணுக்கு யோசிக்கத் தெரிகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாரே, அவள் மிஸ்ஸின் காலைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பரீச்சை ஹாலில் அந்தக் கால் இல்லை. அங்கே யாரும் நிற்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. அடுத்த வரியை எப்படி எழுதுவாள்.

பதினோரு வருஷமாகப் பாஸான பிள்ளைகளை ஒவ்வொருத்தராக நினைத்து நினைத்து அவர் கலங்கிப்போனார். நிலக்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிற செழியன் வரைக்கும் சந்தேகம் வந்துவிட்டது. "பாஸானவங்கள விடு கமரு. முன்னால இருக்குற புள்ளையப் பாரு" என்றார் ஹாமித். நிதானமான மனுஷர் சொல்வதில் சில சமயம் விஷயம் இருக்கும்.

கட்டுப் பிரித்ததும் மிஸ் முதலில் தந்திரம் பண்ணிப் பார்த்தார். சரியான விடைக்கு நின்றார், தப்பான விடைக்கு நடந்தார். பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி நடந்து பார்த்தார். கால் கேட்டால்தானே. தப்பு காதில் விழுந்தால் அது தானாக நின்றது. பிறகு மற்ற பிள்ளைகளைச் சாயங்காலத்துக்கு விட்டுவிட்டு, இளவேனிலை மட்டும் காலை ஏழு மணிக்குக் கீழே முன்னறைக்கு வரச் சொன்னார். அவள் பாயில் உட்கார, மிஸ் ஒரு நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு அதில் உட்கார்ந்தார். முதுகுதான் அவளுக்கு.

"போடு. முடிச்சுட்டுச் சரியான்னு எங்கிட்டக் கேக்காத. தப்பா இருந்தா அது உனக்கு எப்படித் தெரியும்? அதத்தான் நான் கேக்குறேன்."

"எனக்கு எப்படி மிஸ் தெரியும்?"

"அதான் கேள்வி."

முதல் நாள் அவள் அழுதாள். இரண்டாம் நாள் ஒரு வரி எழுதிவிட்டு அரை மணி நேரம் சும்மா இருந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவருக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், எந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துவிடும். ஒரு எட்டு எடுத்து வைத்தால் போதும், அவள் அடுத்த வரிக்குப் போய்விடுவாள். அப்படியே போனால் ஜூலையிலும் முப்பத்தொன்றுதான். பொறுத்துக்கொண்டார். இப்படி ஒரு கஷ்டத்தை அவர் தன் பிரசவத்தில்கூடப் பட்டதில்லை என்று ஹாமித்திடம் சொன்னார்.

அழகர் போன் செய்தார். "இன்னைக்கி என்ன மிஸ்ஸு சொல்லிக் குடுத்தீங்க?"

"ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலங்க" என்றார் மிஸ், பொய் சொல்லத் தெரியாமல்.

"மில்லு ஃபாரம் வாங்கி வச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அழகர் போனை வைத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் மிஸ் சுவரைப் பார்த்துக்கொண்டே வேறு ஒரு கேள்வி கேட்டார். "உங்க காட்ட அளக்க வந்தாங்களே சர்வேயரம்மா, அளந்து முடிச்சதும் கெளம்பிட்டாங்களா?"

"இல்ல மிஸ். அந்தக் கடைசிலேருந்து மறுபடியும் இங்கிட்டு அளந்துக்கிட்டு வந்தாங்க."

"அதான் அளந்தாச்சுல்ல, அப்புறம் எதுக்கு?"

"ரெண்டும் ஒண்ணா வருதான்னு பாக்க."

"சரியா இருக்குன்னு அவங்களுக்கு யாரு சொன்னா?"

நோட்டில் பக்கங்கள் பின்னோக்கிப் புரளும் சத்தம் கேட்டது. அன்று அவள் புதிதாக ஒரு கணக்கும் போடவில்லை. பழைய கணக்குகளை விடையிலிருந்து மேல்நோக்கிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிலது ஒத்துவந்தது, சிலது வரவில்லை. ஒத்துவராததைப் பார்த்து அவள் விழித்தாளா, திருத்தினாளா என்று மிஸ்ஸுக்குத் தெரியாது. அந்த ஒரு விஷயம் அவரைத் தின்றது.

திங்கட்கிழமை பரீச்சை. அதற்கு முந்தின சனிக்கிழமை காலை கடைசி வகுப்பு. பஸ் இல்லாததால் அழகரே வண்டியில் கொண்டுவந்து விட்டிருந்தார், கூட்டிப் போகவும் வந்துவிட்டார். எட்டு மணிக்கெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றார். உள்ளே வாத்தியாரம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற கோலத்தைப் பார்த்து அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

கணக்கு மிஸ் வாய்மொழியாகக் கொடுத்தது. ஒரு கோபுரத்துக்கு முப்பது மீட்டர் தள்ளி ஒருத்தர் நிற்கிறார், அறுபது டிகிரி அண்ணாந்து பார்த்தால் உச்சி தெரிகிறது, கோபுரம் எவ்வளவு உயரம். மார்ச் பரீச்சையில் இப்படி ஒன்றில்தான் அவள் பாதியில் நிறுத்தியிருந்தாள். பேனா ஓடியது. நிற்கவில்லை, மளமளவென்று ஓடியது. ஸ்கேல் வைத்து அடிக்கோடு போடும் சத்தம் கேட்டது. முடித்துவிட்டாள். இத்தனை சீக்கிரம் முடிந்திருந்தால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருப்பாள். எல்லாப் பிள்ளைகளும் விழுகிற குழி அது. திரும்பிக் கேட்டுவிடலாமா என்று மிஸ்ஸுக்கு நாக்கு நுனி வரை வந்தது.

"பதினேழு" என்று இளவேனில் முணுமுணுத்தாள். யாரிடமும் கேட்கிற குரலில்லை அது. அப்புறம் பாய் சரசரத்தது. நிமிர்ந்து கூரையைப் பார்த்திருப்பாள் போல. "அம்புட்டு அண்ணாந்து பாக்கணும்னா, நிக்கிற தூரத்தவிட கோபுரம் உசரமால்ல இருக்கணும்..."

சர்ரென்று பக்கத்தின் குறுக்கே பேனா கிழித்துக்கொண்டு போனது.

அழகருக்குப் பதறிவிட்டது. "ஏம்மா, முழுசாப் போட்டத ஏன் அடிக்கிற? மிஸ்ஸு ஒண்ணுஞ் சொல்லலையே."

"செத்த நேரம் இருங்கப்பா" என்றாள் இளவேனில். அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. "தப்பா இருக்கு."

மறுபடியும் பேனா ஓட ஆரம்பித்தது. நாற்காலியில் கமர்ஜஹான் மிஸ்ஸின் கால் பாதி எழுந்துவிட்டது. சுவரைப் பார்த்தபடியே, இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.